தட்டி வாசிக்க எந்தக் கருவி, எந்தச் சுருதி?

மீட்டாமல், இரண்டு கையையும் ஃபிரெட்டின் (கிதார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலேயே வைத்து, விரல் நுனியால் தந்தியைத் தட்டி வாசிக்க ஆசைப்படுபவருக்கு மதுரையில் மூன்று வழிகள் இருக்கின்றன. தட்டி வாசிப்பதற்கென்றே செய்த சாப்மன் ஸ்டிக்கை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம். கையில் இருக்கும் எலெக்ட்ரிக் கிதாரையே அதற்குத் தோதாக மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் நல்ல ஆசாரி ஒருவரைப் பிடித்துப் புதிதாகச் செய்யச் சொல்லலாம். எதை எடுத்தாலும் அடுத்த கேள்வி காத்திருக்கிறது: தந்திகளை எந்த வரிசையில் சுருதி கூட்டுவது? கருவி பற்றிய கேள்விக்குப் பணம் பதில் சொல்லிவிடும். சுருதி வரிசைக்கு வாசிப்பவரின் விரல்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

தந்தியைத் தட்டுவது என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் கெத்து வாத்தியத்தை நினைப்பார்கள். தம்பூரா போன்ற உருவம். சுருதி சேர்த்த தந்திகளைக் குச்சியால் அடித்துத் தாளம் காட்டுவார்கள். நாம் பேசுவது வேறு சங்கதி. விரல் தந்தியை ஃபிரெட்டில் மோதவிடும் அந்த அடியிலேயே ஒலி பிறக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஸ்வரம் நிற்கும், எடுத்தால் அடங்கிவிடும். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு விரல் போதும் என்பதால், கீபோர்டில் மாதிரி இரண்டு கையும் தனித்தனி வேலை பார்க்கலாம்.

ஸ்டிக்கை உருவாக்கியவர் எம்மெட் சாப்மன் என்ற ஜாஸ் கிதார் கலைஞர். 1969-இல் வலது கையை நெக்கின் (கிதார் கழுத்தின்) எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்து, இடது கை விரல்களைப் போலவே ஃபிரெட்டுக்கு இணையாக வைத்துத் தட்டும் முறையைக் கண்டுகொண்டார். அதற்கு முன்பே 1950களில் ஜிம்மி வெப்ஸ்டர் போன்ற கிதார் கலைஞர்கள் தட்டி வாசித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு கைக்கும் ஒரே உரிமை கொடுத்து, அதற்கென்றே ஒரு கருவியை வடிவமைத்து 1974-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் சாப்மன்தான். 2021-இல் அவர் காலமானார். கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் டோனி லெவின் வாசித்துத்தான் இந்தக் கருவி பலருக்குத் தெரியவந்தது.

ஸ்டிக்கில் குடமோ உடலோ கிடையாது. நீளமான ஒரு நெக், அவ்வளவுதான். பெல்ட்டில் மாட்டும் கொக்கியும் தோள்பட்டையும் சேர்ந்து அதைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். சாதாரண மாடலில் பத்துத் தந்தி, ஐந்து மேல் ஸ்தாயிக்கு, ஐந்து பேஸுக்கு. இரண்டு பகுதிக்கும் தனித்தனி அவுட்புட். தந்தி உயரத்தை நட் பக்கத்திலும் (தலைமுனையில் தந்தியைத் தாங்கும் கட்டை) பிரிட்ஜ் பக்கத்திலும் (மறுமுனையில் தாங்கும் கட்டை) திருகி மாற்றலாம். தலைப்பக்கத்தில் தந்திகளை அடக்கி வைக்கும் டாம்பரும் உண்டு. தட்டி வாசிக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் பெட்டியைத் திறக்கும்போதே தயாராக இருக்கும். காசுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

அந்தக் காசு எவ்வளவு? கருவி, கூரியர், சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குக் கீழே முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க மதுரையில் கடை கிடையாது. தந்தி அறுந்தால் டவுன்ஹால் ரோட்டில் போய் ஒரு செட் வாங்கிப் போட்டுவிட முடியாது, அதற்கும் வெளிநாட்டு ஆர்டர்தான். ஏற்கெனவே தட்டி வாசிப்பவர், இதுதான் இனி தன் வாத்தியம் என்று தெரிந்தவர், தாராளமாக வாங்கலாம். ஆசை மட்டும் இருப்பவர் இப்போதைக்குப் பொறுக்கலாம்.

ஆசாரி வழியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பலா, தேக்கு, ஈட்டி என மரத்துக்கு நம் பக்கம் குறைவில்லை, அதை இழைக்கத் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை. சிக்கல் ஃபிரெட்டில் வருகிறது. ஃபிரெட்டின் இடத்தைக் கணக்குப் போட்டுக் குறித்துவிடலாம்: மிச்சமிருக்கும் தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட் எங்கே என்று வந்துவிடும். 34 அங்குலத் தந்திக்கு முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 48.5 மில்லிமீட்டரில் விழும். ஆனால் இருபத்துச் சொச்சம் ஃபிரெட்டுகளின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அதுவும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள். வீணையில் மெட்டு மெழுகின்மேல் உட்கார்ந்திருக்கிறது, நகர்த்திச் சரிபண்ணலாம். இங்கே மரத்தில் அறைந்துவிட்டால் அறைந்ததுதான். போதாக்குறைக்குப் பத்துத் தந்தியின் இழுவை எழுபது கிலோவுக்கு வரும். அதைத் தாங்க நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற, திருகி இறுக்கும் இரும்புக் கம்பி இல்லையென்றால் நாளடைவில் வில்லாக வளையும். முதல் கருவியாக இதைச் செய்யச் சொல்வது வீண் செலவு என்பது என் கருத்து. எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் விரலுக்கே தெரிந்த பிறகு ஆசாரியிடம் போனால், அவருக்கும் வேலை சுலபம்.

ஆக, முதலில் கிதார். இது ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கலைஞர் ஸ்டான்லி ஜோர்டன் வாழ்நாள் முழுக்க ஆறு தந்தி கிதாரில்தான் இரண்டு கையாலும் தட்டி வாசித்து வருகிறார். மேல்நாட்டுக் கருவியை நம் தேவைக்கு மாற்றிக்கொள்வதும் புதிதில்லை. உ. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கி எலெக்ட்ரிக்காக மாற்றித்தான் கர்நாடக இசை வாசித்தார்.

எந்தக் கிதார்? ஹம்பக்கர் பிக்கப் (தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும், மின் இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள்) உள்ளது, 24 ஃபிரெட் இருந்தால் இன்னும் நல்லது, ஃபிரெட்போர்டு அதிகம் வளையாமல் தட்டையாக இருப்பது. பழைய கிதாரே போதும், ஆனால் ட்ரஸ் ராட் திரும்ப வேண்டும். வாங்குமுன் திருகிப் பார்த்துவிடுங்கள். அக்கூஸ்டிக் கிதார் இதற்கு ஆகாது. தட்டும்போது வரும் ஒலி மீட்டுவதைவிட மெலிசு, பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும் இல்லாமல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது.

இனி செட்டப். மீட்டும்போது தந்தி அகலமாக ஆடும். அதற்கு இடம் விட்டுத்தான் கடைக்காரர்கள் தந்தியை உயர்த்தி வைத்துத் தருகிறார்கள். தட்டும்போது தந்தி அவ்வளவு ஆடுவதில்லை. அதனால் உயரத்தைத் தைரியமாக இறக்கலாம், இறக்கியே ஆக வேண்டும். உயரம் அதிகமானால் விரல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கூடுதலாக உழைக்கும், சுண்டுவிரல் முதலில் கைவிடும்.

முதல் வேலை, வாசிக்கப் போகும் சுருதியிலேயே தந்திகளைக் கட்டி முறுக்கிவிடுவது. இழுவை மாறினால் நெக் மாறும், அதனால் ஸ்டாண்டர்ட் டியூனிங்கில் செட்டப் செய்துவிட்டுப் பிறகு சுருதியை மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை. அடுத்து நெக். தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் தாள் ஒன்று போதும், அதன் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். ஒரு தாள் உரசிக்கொண்டு நுழைய வேண்டும், இரண்டு தாள் நுழையக் கூடாது. சாதாரணக் கிதாரில் இரண்டு மூன்று தாள் நுழைவது வழக்கம். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருகாமல், திருகிவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஃபிரெட் மட்டம். ஏ.டி.எம். கார்டின் நேர் விளிம்பை மூன்று ஃபிரெட்டுகளின் மேல் குறுக்கே நிறுத்துங்கள். கார்டு ஊஞ்சலாடினால் நடு ஃபிரெட் மேடு. நெக் நெடுக இப்படிப் பார்த்து மேடுகளை மார்க்கரால் குறித்துக்கொள்ளலாம். தேய்த்து மட்டமாக்கும் வேலையைப் பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதே உத்தமம், மொத்தச் செட்டப்பில் காசு கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். மேடு இருக்கும்போது தந்தியை இறக்கினால் அந்த இடத்தில் ஸ்வரம் செத்துவிடும், பழி சுருதி மேல் விழும்.

மட்டம் சரியானதும் பிரிட்ஜில் தந்தியை இறக்குங்கள். அளவுகோல் அதே கார்டுதான். எந்த வங்கியின் கார்டும் 0.76 மில்லிமீட்டர் தடிமன். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கார்டும் அதன்மேல் இரண்டு தாளும் சேர்ந்து நுழைந்தால் ஒரு மில்லிமீட்டர் உயரம். இந்த உயரம் போதும். பேஸ் தந்தி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

டாம்பரை மறந்தால் மேற்சொன்ன அத்தனையும் பாழ். ஒரு ஃபிரெட்டில் தட்டும்போது பிரிட்ஜ் பக்கத் துண்டு மட்டுமா ஆடுகிறது, நட் பக்கத் துண்டும் ஆடும். விரலை எடுத்ததும் திறந்த தந்தி முழுசாக முனகும். விளக்குத்தூண் பக்கம் ஃபேன்சி கடையில் தடிமனான துணி ஹேர் பேண்ட் ஒன்று வாங்கி, நட்டை ஒட்டி முதல் ஃபிரெட்டுக்கு முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. தந்தியை அமுக்கக் கூடாது, தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அமுக்கினால் எல்லாத் தந்தியும் சுருதி ஏறும்.

இன்டொனேஷன், அதாவது மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்கிறதா என்று பார்க்கும்போது, டியூனரை வைத்துப் பன்னிரண்டாவது ஃபிரெட்டைத் தட்டியே பாருங்கள், மீட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் வாசிக்கும்போது தட்டும் அதே பலத்தில் தட்டினால்தான் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

இப்போது சுருதி வரிசை. வழக்கமான கிதார் டியூனிங்கை (தடித்த தந்தியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ) அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் ஜி தந்திக்கும் பி தந்திக்கும் நடுவில் மட்டும் இடைவெளி மாறுகிறது. ஒரு தந்தி ஜோடியில் பழகிய விரல் அமைப்பு அடுத்த ஜோடியில் வேலை செய்யாது. ஒரு கைக்கே இது தொல்லை, இரண்டு கையும் தனித்தனியாக ஓடும்போது தொல்லை இரட்டிப்பு.

ஸ்டான்லி ஜோர்டன் செய்வது சீரான நாலு, அதாவது இ, ஏ, டி, ஜி, சி, எஃப். பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு இடையே எங்கும் ச-ம தூரம்தான். மேல் இரண்டு தந்தியை அரை ஸ்வரம் ஏற்ற வேண்டும், அவற்றின் இழுவை பன்னிரண்டு சதவீதம் கூடும். விரலுக்கு அது பிடிக்காவிட்டால் அவற்றை விட்டுவிட்டுக் கீழ் நான்கையும் அரை ஸ்வரம் இறக்குங்கள், வரிசை அதேதான், தட்டவும் மெத்தென்று இருக்கும். கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), பேஸ், மெலடி என்று சினிமாப் பாட்டு வாசிக்க நினைக்கும் கீபோர்டுக்காரர்களுக்கும், சர்ச்சில் கிதார் வாசித்துப் பழகியவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். தெரிந்த கார்டு வடிவங்களில் பாதி அப்படியே உதவும்.

ஸ்டிக்கின் கிளாசிக் டியூனிங் நாலையும் (ச-ம தூரம்) ஐந்தையும் (ச-ப தூரம்) கலக்கிறது. மெலடிப் பக்கம் உச்சத் தந்தியிலிருந்து கீழ் நோக்கி டி, ஏ, இ, பி, எஃப் ஷார்ப் என்று நாலு நாலாக இறங்கும். பேஸ் பக்கம் சி, ஜி, டி, ஏ, இ என்று ஐந்து ஐந்தாக ஏறும். அடி சி பலகையின் நடுவில் இருக்கும். இடது கைக்கு ச-ப ஒரே ஃபிரெட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கிறது, மேல் காந்தாரமும் கைக்குள் வருகிறது. விரித்து வைத்த பெரிய கார்டு ஒரே பிடியில் அமையும். ஸ்டிக்கே வாங்கிவிட்டவர் இதை மாற்ற வேண்டாம், பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த வரிசையை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மெலடிப் பக்கத்திலும் பேஸ் பக்கத்திலும் அதே ஃபிரெட்டில் அதே ஸ்வரம் வரும்படி அமைத்த இன்னொரு டியூனிங்கும் உண்டு. புதிதாக ஆர்டர் கொடுப்பவர் அதைக் கேட்கலாம். ஸ்வர இடங்களை இரண்டு தடவை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கர்நாடக இசைக்காரர்கள் கேட்பது வேறு. வீணை, வயலின் மாதிரி ச-ப-ச-ப என்று கூட்டினால் என்ன? அங்கே திறந்த தந்திக்கு வேலை இருக்கிறது, வீணையில் தாளத் தந்தி முழுக்கத் திறந்தேதான் ஒலிக்கிறது. இங்கே டாம்பர் போட்டுத் திறந்த தந்தியின் வாயை அடைத்துவிட்டோம். திறந்த தந்தி ஷட்ஜமமா பஞ்சமமா என்பதால் ஒலியில் ஒரு வித்தியாசமும் இல்லை. பார்க்க வேண்டியது தந்திகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மட்டும்தான். ச-ப-ச-ப வரிசையில் அந்தத் தூரம் ஒரு முறை ஐந்து, ஒரு முறை நாலு என்று மாறிக்கொண்டே வரும், கிதாரில் இருந்த அதே தொல்லை. சீரான ஐந்தாக வைத்தால் நிலைமை வேறு.

மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். சீரான ஐந்தில் ச ரி க ம ஒரு தந்தியில் விழும்: ஷட்ஜமம் இருக்கும் ஃபிரெட், அதிலிருந்து ஒன்று, நாலு, ஐந்து. ப த நி ச அடுத்த தந்தியில் அச்சாக அதே நான்கு ஃபிரெட்டில். பூர்வாங்கம் (ச ரி க ம) பழகினால் உத்தராங்கம் (ப த நி ச) இலவசம். சீரான நாலில் இதே ராகம் மூன்று தந்திகளில் சிதறும், மூன்றுக்கும் மூன்று விதமான விரல் அமைப்பு. சரளி வரிசையிலிருந்தே தொடங்குபவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஐந்தில் ஒரு விலை உண்டு: கை விரிய வேண்டும். சாதாரணக் கிதாரில், தந்தி நீளம் 25.5 அங்குலம், முதல் ஃபிரெட்டிலிருந்து ஆறாவதுவரை 15 சென்டிமீட்டர். அதே ஐந்து ஃபிரெட் தூரம் பன்னிரண்டிலிருந்து பதினேழுவரை வெறும் 8 சென்டிமீட்டர். 36 அங்குல ஸ்டிக்கில் முதலிலிருந்து ஆறுக்கு 21 சென்டிமீட்டருக்கும் மேல், யார் கையும் எட்டாது. வலது கை எப்படியும் மேல் ஃபிரெட்டுகளில்தான் உலவுகிறது. கிதாரின் குட்டைத் தந்தி இங்கே நமக்குச் சாதகம்.

ஆறு தந்தியையும் ஒரே சங்கிலியாக ஐந்து ஐந்தாக ஏற்ற முடியாது. சி-யில் தொடங்கினால் ஆறாவது தந்தி உச்ச பி-யில் போய் நிற்கும், கிதார் நீளத்துக்கு அது அறுந்துபோகும் சுருதி. கிங் கிரிம்சன் குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் தன் டியூனிங்கில் சி, ஜி, டி, ஏ, இ வரை வந்துவிட்டு உச்சத் தந்தியை ஜி-யோடு நிறுத்திக்கொண்டது இதனால்தான். நான் சொல்வது இரண்டு கைக்கு இரண்டு சங்கிலி. தடித்த மூன்று தந்தி சி, ஜி, டி. மெல்லிய மூன்று தந்தி அதற்கு ஒரு ஸ்தாயி மேலே மறுபடி சி, ஜி, டி. இடது கைக்குக் கீழ் மூன்று, வலது கைக்கு மேல் மூன்று. தந்தி அளவு, தடித்ததிலிருந்து: 0.054, 0.036, 0.024, பிறகு 0.026, 0.017, 0.011 அங்குலம். ஒவ்வொன்றும் ஏழு கிலோ சுற்றளவில் இழுக்கும், மொத்தம் சாதாரண செட்டுக்கு அதிகம் மாறாது, நெக்குக்கு ஆபத்தில்லை. நட்டின் பள்ளங்களை மட்டும், முக்கியமாக 0.026 தந்திக்கு, கொஞ்சம் அரத்தால் அகலப்படுத்த வேண்டும்.

இதில் பாடகரின் கட்டை (அவர் பாடும் சுருதி) பற்றிய கவலையும் தீர்கிறது. ஒரு கட்டை என்றால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஷட்ஜமம், ஒன்றரை என்றால் பதின்மூன்றாவது. திறந்த தந்தியை நம்பாததால் யாருக்காகவும் பிரடையைத் திருக வேண்டாம், கையை நகர்த்தினால் போதும்.

கமகம்? உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஜாரு அழகாக வரும், அழுத்தியபடி நகர்ந்தால் போதும். தட்டிய விரலால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு ஸ்வரம் வரை ஆட்டவும் முடியும். ஆனால் ஒலி சீக்கிரம் தேயும், நீண்ட இழைப்புக்கு மூச்சு இருக்காது. விளம்ப காலத் தோடியை இதில் வாசிக்க நினைப்பவர் வீணையிடமே போகட்டும். மோகனம், ஹம்சத்வனி, மத்திம காலக் கிருதி, சிட்டைஸ்வரம் எல்லாம் இதில் பளிச்சென்று இருக்கும்.

மேடைக்கு வந்தால் ஒலி அளவைச் சமன்செய்ய லேசாகக் கம்ப்ரஸர் வேண்டியிருக்கும். கம்ப்ரஸர் தட்டலை உயர்த்தும்போது இரைச்சலையும் சேர்த்தே உயர்த்தும். ஆடி மாதத்து அம்மன் கோவில் மேடையில், ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் எர்த் இல்லாத லைனும் சேர்ந்தால் கருவியைவிட ஹம்தான் அதிகம் கேட்கும். ஹம்பக்கர் வேண்டும் என்று முன்பே சொன்னதற்குக் காரணம் இது. ஸ்டிக் வைத்திருப்பவர் மிக்ஸர்காரரிடம் இரண்டு லைன் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ஒன்றில் இரண்டையும் குத்தினால் பேஸ் மெலடியை விழுங்கிவிடும்.

சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் நெக் அசையும். ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் வாசிப்பவருக்கு அந்தச் சின்ன அசைவே தெரிந்துவிடும். மழை தொடங்கும்போது ஒருமுறை, வெயில் ஏறும்போது ஒருமுறை அந்த ஜெராக்ஸ் தாளை நுழைத்துப் பார்த்து, வேண்டுமானால் ட்ரஸ் ராடைச் சிறிது திருகிக்கொள்ளுங்கள். தனித் தந்தியாக வாங்கும்போது 0.026-ஐயும் 0.024-ஐயும் கண்ணால் பிரித்தறிய முடியாது. அளவு அச்சடித்த உறையோடு சேர்த்தே கிதார் பையில் வைத்திருங்கள்.